மூர் மார்க்கெட் படத்தின் முன்னால்

"இந்த வளைவுக்குப் பக்கத்துலதான் பழைய புத்தகக் கடை" என்று பெரியவர் கண்ணாடி மேலேயே விரலை வைத்துக் காட்ட, காவலாளி ஓடி வந்தார். "ஐயா, தொடாதீங்க."

மெட்ராஸ் வாரப் புகைப்படக் கண்காட்சி. படத்தில் சென்னை சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய சந்தையான மூர் மார்க்கெட், 1985ல் எரிந்துபோனது. ஓரத்தில் ஒரு பையன் அசைந்துவிட்டதால் முகமே இல்லாமல் வெறும் புகையாகத் தெரிகிறான். நானாக இருந்தால் அந்த நெகட்டிவைத் தூக்கிப் போட்டிருப்பேன். பெரியவர் அவனைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

மெட்ராஸ் தினமான ஆகஸ்ட் 22 நெருங்கினால் எனக்கு வீடு தங்காது. ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர் மாடவீதி, எங்கே கூட்டமோ அங்கே கேமராவும் கையுமாக நிற்பேன்.

நல்ல வெளிச்சம், ஃப்ரேம் என்றே அலைகிறோம், ஆனால் பிற்பாடு ஒருவர் தேடப்போவது பின்னணியில் நாம் கவனிக்காமல் விட்ட கடைப் பலகையைத்தான்.

இனி கொஞ்சம் அகலமாகவே எடுக்கலாம்.

நாளை காலை 6.30க்கு படம் எடுக்க பாரிமுனையில் இருப்பேன், வருகிறவர்கள் வாங்க.