சாயப்பட்டறை பில்லும் ஓர் ஏஜென்ட்டும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நிரலாளராக இருக்கிறேன். சாயப்பட்டறைகளிலிருந்து வரும் பில்களைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றுவதற்கான ஏஐ ஏஜென்ட் ஒன்றை, அதாவது படிப்படியாகத் தானே வேலையை நடத்திச் செல்லும் ஏஐ மென்பொருளைக் கடந்த ஓராண்டாக உருவாக்கி வருகிறேன். பில்லைப் படித்து டாலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவதுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு பில்லுக்குப் பின்னாலும் நாங்கள் துணி அனுப்பிய டெலிவரி சலான், திரும்பி வந்த துணியின் எடைச்சீட்டு, நிறத்துக்கு நிறம் மாறும் விலைப்பட்டியல், பட்டறைகள் எங்கள் பெயரில் ஜிஎஸ்டி கணக்கில் காட்டிய பில்களைப் பட்டியலிட்டு மாதந்தோறும் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை ஆகியவை நிற்கின்றன. இவற்றில் எது பொருந்தாவிட்டாலும் பணம் போகக் கூடாது.

முதலில், பில்லைப் படிப்பது முதல் டாலியில் பதிவது வரை எல்லாவற்றுக்குமான கருவிகளையும் மொழி மாதிரியின் (சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் ஏஐ) கையில் கொடுத்து, பில்லை முடித்து வை என்று சொல்லிவிட்டேன். செய்து காட்டும்போது அழகாகத்தான் ஓடியது. ஆனால் எங்கள் வேலையில் ஏறத்தாழ 12 படிகள் உண்டு. ஒவ்வொரு படியும் 95 சதவீதம் சரியாக நடந்தாலும், பன்னிரண்டும் சேர்ந்து சரியாக முடிய 54 சதவீத வாய்ப்பே இருக்கிறது. ஏஜென்ட்டுகளின் திறனை அளக்க 2024-இல் வெளிவந்த டௌ-பெஞ்ச் சோதனையிலும், சில்லறை வணிகப் பணிகளில் ஒரே பணியை எட்டு முறை கொடுத்தபோது, ஜிபிடி-4ஓ என்ற மொழி மாதிரி எட்டு முறையும் சரியாக முடித்தவை கால் பங்குக்கும் குறைவு.

இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது ஒரு மாலை நேரத்தில்தான். டாலியில் பதிவு போய்விட்டது, ஆனால் பதில் வரத் தாமதமானது. தோற்றுவிட்டதாகக் கருதிய ஏஜென்ட், பில்லைப் படிப்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கியது. முதல் முறை 0147 என்று படித்த பில் எண்ணை இரண்டாம் முறை 147 என்று படித்ததால், அது வேறு பில்லாகவே பதிவாகிவிட்டது. வங்கிக்குப் பட்டியல் போகும் முன் கணக்குப் பிரிவு அக்கா பிடித்துவிட்டார். "தம்பி, சந்தேகம் வந்தா கேக்கச் சொல்லுங்க, அதுவா முடிவு பண்ண வேண்டாம்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு படியின் முடிவும் தரவுத்தளத்தில் எழுதப்படுகிறது. இடையில் நின்றால் நின்ற இடத்திலிருந்தே தொடர்கிறது. ஒரு நிதியாண்டுக்குள் ஒருவருடைய பில் எண் திரும்ப வரக் கூடாது என்று ஜிஎஸ்டி விதி 46 சொல்வதால், பட்டறையின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, முன்சுழியங்களை நீக்கிய பில் எண் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு சாவியாக்கி, அந்தச் சாவி ஏற்கெனவே இருந்தால் பதிவையே மறுக்கும்படி செய்தேன். ஜிஎஸ்டி எண்ணின் 15-ஆவது எழுத்து, முந்தைய பதினான்கிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே மாதிரி எட்டை 'பி' என்று படித்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

பிழையாகப் படிப்பதைவிட, சமாதானம் சொல்வதுதான் என்னை அதிகம் அச்சுறுத்தியது. சாயமிட ஒன்றாக அனுப்பிய ஒரு லாட்டில் 412 கிலோ துணி போய் 396.5 கிலோ திரும்பியிருந்தது, இழப்பு 3.76 சதவீதம், ஆர்டரில் நாங்கள் ஒப்புக்கொண்டது 3 சதவீதம். ஈரப்பத வேறுபாடாக இருக்கலாம், ஏற்கத்தக்கது என்று குறிப்பெழுதி ஏஜென்ட் அதை அனுமதித்துவிட்டது. ஈரப்பதம் பற்றி எந்த ஆவணத்திலும் ஒரு சொல்கூட இல்லை. படிக்கிறவருக்கோ அது அனுபவசாலி எழுதியதுபோல் இருக்கும். இப்போது கழித்தலும் ஒப்பிடலும் சாதாரண நிரலின் வேலை. பில்லைப் படிப்பதும், எது பொருந்தவில்லை என்று மனிதருக்கு எழுதிக் கொடுப்பதும் மட்டுமே மாதிரியின் வேலை.

அதற்காக எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கவும் முடியாது. வருமான வரிச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்காவிட்டால், கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியும். தொடக்கத்தில் நான் வைத்த கெடுபிடியில் பாதிக்கு மேற்பட்ட பில்கள் அக்காவின் மேசையில் குவிந்தன. இப்போது அந்தப் பட்டியல், கெடு நெருங்கும் வரிசையில் வருகிறது.

மாதிரியை மாற்றினாலோ, அதற்கு நான் கொடுக்கும் கட்டளை வாசகத்தில் (பிராம்ப்ட்) ஒரு வரியைத் திருத்தினாலோ, முடிவு தெரிந்த 200 பழைய பில்களை ஐந்தைந்து முறை ஓட்டிப் பார்க்கிறேன். ஐந்தில் நான்கு சரி என்பது எனக்குத் தோல்விதான்.

அச்சிட்ட விலையைப் பால்பாயின்ட் பேனாவால் அடித்துத் திருத்திய பில்களுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. மாதிரி ஒரு நேரம் அச்சைப் படிக்கிறது, ஒரு நேரம் பேனாவைப் படிக்கிறது. அவை நேராக அக்காவிடம் போகின்றன. அவர் பட்டறைக்கு ஃபோன் போட்டுக் கேட்கிறார். சென்ற வாரம் அப்படி ஏழு பில்கள் வந்தன. ஐந்தில் பேனாவில் இருந்த விலைதான் சரி.