வெள்ளிச் சிமிழ் மூடியில் தமிழ்ப் பெயர் வெட்டுவது

பாத்திரக் கடையில் எவர்சில்வர் சாமானில் பேர் வெட்டும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். அதன் முனை அதிர்ந்து அதிர்ந்து புள்ளி குத்துகிறது. உலோகம் அமுங்கி ஓரத்துக்கு ஒதுங்குகிறதே தவிர வெளியே வருவதில்லை. சுத்தியல் இல்லாமல் கையாலேயே தள்ளி வெட்டும் கையுளி வெள்ளியில் போகும்போது மெல்லிய சுருளாக உலோகம் கழன்று வரும். அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு பள்ளம், அதன் இரண்டு சுவரும் கண்ணாடி மாதிரி மின்னும். சின்னக் குங்குமச் சிமிழில் அந்த மினுக்கத்துக்கு ஈடு கிடையாது.

4 செ.மீ. அகல மூடி, 3 மி.மீ. உயர எழுத்து என்று வைத்துக்கொள்வோம். தகடு 0.7 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் நல்லது, 0.5க்குக் கீழே போனால் உளியின் அழுத்தத்துக்கே நெளியும். 92.5 வெள்ளி சுகமாக வெட்டும். சுத்த வெள்ளி மிருது, உளியில் ஒட்டி இழுக்கும். தையல் மெஷின் எண்ணெயில் முனையைத் தொட்டுக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். முலாம் பூசிய சிமிழில் கை வைக்க வேண்டாம், முதல் கோட்டிலேயே பித்தளை தெரிந்துவிடும்.

மூடியை அப்படியே பிடித்து வெட்ட முடியாது. உள்பக்கம் முழுக்க அரக்கு நிரப்பிக் கட்டையில் பதிக்க வேண்டும். வெறும் அரக்கு நொறுங்கும் என்பதால் செங்கல் பொடியை நன்றாகச் சலித்துக் கலப்பார்கள். அரக்கை மட்டும் சுட வைத்துக் குளிர்ந்த மூடியில் ஊற்றினால் ஒட்டாது, மூடியும் சூடாக இருக்க வேண்டும். ஆறியபின் நகத்தால் தட்டிப் பாருங்கள். மந்தமாகக் கேட்டால் சரி. 'டக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் காற்று இருக்கிறது, அந்த இடத்தில் உளி அழுத்தினால் மூடி குழியும். சோம்பல் படாமல் மறுபடி சூடாக்கிப் பதியுங்கள்.

உளி தீட்டுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. 3 மி.மீ. சதுர ஹைஸ்பீட் ஸ்டீல் (வெட்டுக்கருவிக்கான கடின எஃகு) கம்பி போதும். நுனியைச் சாய்வாகத் தீட்டிய முன்முகம் 45 டிகிரி. முனைக்கு அடியில் 15 முதல் 20 டிகிரியில் ஒரு குறும்பட்டை தீட்ட வேண்டும், அதைக் குதி என்று சொல்லிக்கொள்ளலாம். குதி இல்லாத உளி, கலப்பையின் கொழு மண்ணுக்குள் இறங்குவதுபோல வெள்ளிக்குள் இறங்கிக்கொண்டே போகும். குதி நீளமாக இருந்தாலோ வேறு தொல்லை: நேர்கோட்டில் ஒன்றும் தெரியாது, வளைவு வந்ததும் அதன் பின்பகுதி வளைவின் வெளிச்சுவரில் உரசிப் பிசிர் எழுப்பும். தமிழ் எழுத்தில் பாதிக்கு மேல் வளைவுதான். ஆகவே குதி 0.3 மி.மீ.க்குள் இருக்கட்டும். 600 நம்பர் சாணைக்கல்லில் வடிவம், அதைவிட நைசான 1200இல் மெருகு, கடைசியாகத் தோலில் பாலிஷ். குதியில் இருக்கும் கீறல் ஒவ்வொன்றும் பள்ளத்தின் சுவரில் அப்படியே பதியும். முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்துப் பாருங்கள். கவ்வினால் கூர், வழுக்கினால் திரும்பவும் கல்லுக்குப் போக வேண்டியதுதான்.

மூடிமேல் வெள்ளைப் போஸ்டர் கலரை நீர்க்கப் பூசி, காய்ந்ததும் பென்சிலால் எழுதி, ஊசியால் மிக லேசாகக் கீறிக்கொள்ளுங்கள். எழுத்தின் உயரம் 3 மி.மீ. என்றால் மேலே மேல்விலங்குக்கும் ('மி'யின் மேல் வளைவு) புள்ளிக்கும், கீழே கீழ்விலங்குக்கும் ('மு'வின் கீழ்க் குறி) தலா 1.5 மி.மீ. விட வேண்டும். இதை மறந்து வரி போட்டால் 'மு' வரும்போது கீழ் ஓரத்தில் இடிக்கும்.

இனி வெட்டு. 'கண்ணன்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுழி 'ண' இரண்டு தடவை, இரண்டு சுழி 'ன' ஒரு தடவை. இந்தச் சுழிகளை உளி பிடித்த கையை வளைத்து வெட்டப் பார்த்தால் முட்டை வடிவில் கோணிக்கொண்டு போகும். வலது கை ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று தள்ள வேண்டும். மணல் நிரப்பிய தோல் பையின்மேல் கட்டையை இடது கைதான் சுழற்ற வேண்டும். கட்டை எவ்வளவு சீராகச் சுழல்கிறதோ அவ்வளவு வட்டமாகச் சுழி விழும்.

பேனாவால் எழுதும் வரிசை இங்கே செல்லாது. எந்த வளைவையும் இரண்டு முனையிலிருந்தும் வெட்டலாம்: ஒரு முனையிலிருந்து தொடங்கினால் அது இடப்பக்கம் திரும்பும், மறுமுனையிலிருந்து வந்தால் வலப்பக்கம். உங்கள் கைக்கு எந்தப் பக்கச் சுழற்சி இசைகிறதோ அந்த முனையிலிருந்து தொடங்குங்கள். எழுத்து தலைகீழாக இருந்தாலும் பாதகமில்லை. கோடும் கோடும் கூடும் இடத்தில் மட்டும், கூடலிலிருந்து வெளிநோக்கி வெட்ட வேண்டும். கூடலை நோக்கி வந்தால் தாண்டிப் போகும், அல்லது மூலையிலுள்ள வெள்ளி சிம்பாகப் பெயரும்.

முதல் வெட்டு 0.1 மி.மீ. ஆழம் போதும். இரண்டாம் தடவை அதே பள்ளத்தில் உளியை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே போனால் கோடு அந்தப் பக்கம் தடிக்கும், நிமிர்த்தினால் மெலியும். எல்லாக் கோட்டையும் தடிப்பாக்கினால் சுழிகள் அடைந்து 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். நெட்டுக்கோடுகளை மட்டும் தடிப்பாக்குவதே என் பரிந்துரை.

மெய்ப்புள்ளியைக் குத்தாதீர்கள், சுற்றிலும் விளிம்பு எழும்பும். முனையை ஊன்றிக் கட்டையை முழுச் சுற்று சுற்றினால் அரை மி.மீ. குழி சுத்தமாக விழும். ஓலைச்சுவடியில் ஓலை கிழியுமென்று பல நேரம் புள்ளியை விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கு அந்தப் பயம் இல்லை.

உளி வழுக்கும் பாதையில் இடது கை விரல் இருக்கக் கூடாது. இடது கட்டைவிரல் வலது கட்டைவிரலைத் தொட்டுத் தடுப்பாக நிற்கட்டும், மற்ற விரல்கள் முனைக்குப் பின்னால் இருக்கட்டும். வழுக்கி விழுந்த கீறல் மேலோட்டமானது என்றால் வழவழப்பான எஃகுக் கம்பியால் அழுத்தித் தேய்த்து மூடலாம். ஆழமானது என்றால் சுற்றிலும் அகலமாகச் சுரண்டி மெருகேற்ற வேண்டும். அந்த ஒரு இடத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

முடிந்ததும் பிசிரை 1200 நம்பர் உப்புத்தாளால், தட்டையான கட்டையில் சுற்றி, இரண்டு இழுப்பு. பஃப் சக்கரத்தில் (மெருகேற்றும் துணிச் சக்கரம்) கொடுத்தால் வெட்டின் விளிம்பு மழுங்கி, பட்ட பாடெல்லாம் வீண். மூடியைச் சூடாக்கிக் கழற்றி, மிச்ச அரக்கை ஸ்பிரிட்டில் ஊற வைத்து எடுக்கலாம்.

புழங்கப் புழங்கக் குங்குமம் பள்ளத்தில் தங்கி எழுத்து சிவப்பாகத் தெரியும், அதை அப்படியே விடலாம். கழுவ வேண்டுமென்றால் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பற்பொடி போட்டுத் தேய்க்க வேண்டாம், மெல்லிய கோடுகள்தான் முதலில் தேயும்.