ஆச்சி பேரில் ஒரு வாடகை வீடு

எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் வாடகைதாரர் என்ற இடத்தில் ஆச்சி பேர்தான் இருக்கிறது. எழுபத்தொரு வயது. கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்ததும் நிமிர்ந்து, "இனி மாசம் பதினொண்ணும் என்னய யாரும் எந்திரிம்மான்னு சொல்லப்படாது, என்னா?" என்று வீட்டுக்கார டீச்சரம்மாவிடம் உறுதி வாங்கிக்கொண்டாள். படிக்க வந்தது நானும் சித்தி மகளும். எங்கள் இரண்டு பேரை நம்பி வீடு கொடுக்க பாளையங்கோட்டையில் ஒருத்தரும் இல்லாததால்தான் ஆச்சி வரவேண்டியதாயிற்று.

எனக்கு அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல். தங்கச்சிக்குப் பெருமாள்புரம் சாராள் தக்கர் கல்லூரியில் பி.ஏ. இரண்டுமே திருநெல்வேலி என்று ஊரில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். வந்து பார்த்தால் தங்கச்சியின் கல்லூரி ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாளையில். என் பல்கலைக்கழகமோ ஆற்றைக் கடந்து, டவுனையும் பேட்டையையும் தாண்டி தென்காசி ரோட்டில். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து தினமும் வந்து போனால் எனக்கு நாலு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். இரண்டு விடுதிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த அப்பா, "இதுக்கு ஒரு வீடே பிடிச்சிரலாம்" என்றார். சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். வீடு தேடினது நாங்கள்.

வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்கும் பெருமாள்புரத்துக்கும் இடையில் பார்ப்பது என்று முடிவு செய்தோம். தென்காசி பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படும். வெள்ளை போர்டு டவுன் பஸ் கிடைத்தால் 2021லிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அவசரத்துக்குத் தென்காசி பஸ்ஸில் ஏறினால் காசு. அந்தக் கணக்கையும் போட்டு வைத்திருந்தோம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை 'டூ லெட்' போர்டு தேடி நடந்தோம். பொம்பளைப் பிள்ளைகளைப் பார்த்தும் "பேச்சிலரா?" என்றுதான் கேட்டார்கள். அடுத்து சமையல் உண்டா, மீன் உண்டா, சொந்தக்காரப் பையன்கள் வருவார்களா. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "எந்தூரு?" என்று கேட்டு, சொன்ன பிறகு, "ஊர்ல எந்தத் தெரு?" என்று இழுப்பார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல். நம்ம பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் அப்பா பேரைக் கேட்டார், தாத்தா பேரைக் கேட்டார், பேரில் பிடி கிடைக்கவில்லை, கடைசியில் கொடைத் திருவிழா எந்தக் கோயிலில் என்று கேட்டார். தங்கச்சி, "எங்க ஊர்ல எல்லாக் கோயில்லயும் கொடை நடக்கும் மாமா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அந்த வீட்டில் புறவாசலில் ஒரு முருங்கை மரம் நின்றது. அதை விட்டு வந்ததில் அவளுக்கு இன்னும் வருத்தம்.

புரோக்கர் மூன்று வீடு காட்டினார். ஒரு மாத வாடகை கமிஷன். மூன்று வீட்டிலும் ஒரே பதில்: "பெரியவங்க யாராவது கூட இருந்தா யோசிக்கலாம்."

ஆச்சி சம்மதித்ததற்குக் காரணம் பதனி. ஆனி பாதிக்கு மேல் போய்விட்டது, பதனி வரத்து குறைந்து, மாமா கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையான விடிலியில் அடுப்பை அணைத்துவிட்டார். ஆச்சிக்கு அங்கே வேலை இல்லை. "சும்மாதான கெடக்கேன், வாரேன்" என்றாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு தேடினோம். சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு காகிதத்தில் மடித்த ஒரு சோப்புத்துண்டு வைத்திருந்தாள். பழைய பார் சோப்பு, கட்டைவிரல் அளவு. எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

முதல் வீட்டில் தெரிந்தது. புது வீடு, தரையெல்லாம் கிரானைட், அடுக்களையில் அலமாரி. வீட்டுக்காரர், "இருபத்தி நாலு மணி நேரமும் தண்ணி" என்று பெருமையாகச் சொன்னார். ஆச்சி நேரே பாத்திரம் கழுவுகிற அங்கணத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து, கையை நனைத்து, சோப்பைத் தேய்த்தாள். நுரை வரவில்லை. திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பி திப்பியாகக் கையில் ஒட்டியது. வாயிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். "தண்ணி வருது. நல்ல தண்ணி வரல" என்று சொல்லிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

நான் வேதியியல் மாணவி. கால்சியமும் மெக்னீசியமும் கூடின தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் படிவாகிவிடும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆய்வகத்தில் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்க இ.டி.டி.ஏ. ஊற்றி, எரியோகுரோம் பிளாக் டி போட்டு, ஒயின் சிவப்பு நீலமாகிற வரை பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வீடு பார்க்கப் போகும்போது தண்ணீரைச் சோதிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ஐந்து வீட்டில் சோப்புப் போட்டாள். இரண்டாவது வீட்டுக்காரம்மா சண்டைக்கே வந்துவிட்டார். ஐந்தாவது வீடுதான் இது. தெருவைப் பார்த்த பெரிய வீட்டில் டீச்சரம்மா இருக்கிறார். பின்னால் வளவில் வரிசையாக நாலு வீடு. எங்களுடையது கடைசி: கூடமாக ஒரு பட்டாசல், ஒரு அடுக்களை, துணி காயப்போடத் தட்டட்டி என்கிற மொட்டைமாடி. குளியலறைக் கதவு மழைக்கு ஊதிப்போய்ச் சாத்த வராது. ஆனால் வாசலில் இரண்டு குழாய். ஒன்று போர்வெல் குழாய். மற்றது மாநகராட்சிக் குழாய், ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலை ஒரு மணி நேரம் தாமிரபரணித் தண்ணீர். போர்த் தண்ணீரில் சோப்பு திரிந்தது. ஆற்றுத் தண்ணீர் தொட்டியில் கொஞ்சம் இருந்தது. அதில் ஆச்சியின் கை முழங்கை வரை நுரைத்தது. "ஏட்டி, இதுதான் வீடு" என்றாள். கதவைப் பற்றி நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

டீச்சரம்மா ஓய்வு பெற்றவர். முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடம் எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் என்பது பேச்சில் வெளிவந்தது. செம்மண் தேரியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததையும், பிள்ளைகள் பனையோலைப் பட்டையில் பதனி கொண்டுவந்து கொடுத்ததையும் அவர் சொல்லச் சொல்ல, ஆச்சி வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். தெரு கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

வாடகை ஆறாயிரம். அட்வான்ஸ் பத்து மாதம், அறுபதாயிரம் கேட்டார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. போனில் படித்து வைத்திருந்ததை மெதுவாக எடுத்து விட்டேன். டீச்சரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வையில் எட்டாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நின்ற ஞாபகம் வந்தது. ஆச்சி குறுக்கே புகுந்து, "பிள்ளயளுக்குச் சட்டம்தான் தெரியும், நமக்கு ரூவாதான் தெரியும். முப்பது தாரேன் டீச்சரம்மா, கருப்பட்டி தனி" என்றாள். முப்பதாயிரத்தில் முடிந்தது. கருப்பட்டி இரண்டு கிலோ போயிற்று.

இந்த இடத்தில் நாங்கள் செய்த சில காரியங்கள் பிறகு உதவின. அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் அப்பா கணக்கிலிருந்து அனுப்பினோம். சாமான் இறக்குவதற்கு முன்பே சுவர்க் கீறல், உடைந்த சுவிட்ச், அந்தக் குளியலறைக் கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து டீச்சரம்மாவுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம். எங்கள் வீட்டுக் கரண்டை மட்டும் தனியாக அளக்கிற சப்மீட்டரின் ரீடிங்கையும் சேர்த்துத்தான். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிவு செய்வதை டீச்சரம்மாவின் மகனே செய்து கொடுத்தார்.

சப்மீட்டர் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். வளவு முழுக்க ஒரே கரண்ட் சர்வீஸ். அரசு கொடுக்கிற இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் ஒரு சர்வீஸுக்குத்தானே, நாலு வீட்டுக்குப் பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் விலை ஏறிவிடுகிற மாதிரிதான் கட்டண அடுக்கு. நாலு வீடும் சேர்ந்து எப்போதும் தாண்டும். அதனால் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்திருக்கிறார். நியாயம்தான், ஆனால் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாம் என்ற என் திட்டம் அதோடு போயிற்று. ஊர் கேஸ் இணைப்பை மாற்றவேண்டும் என்றால் அங்கே சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டி.வி. என்கிற ரசீதை வாங்கி வந்து இங்கே புதிதாக டெபாசிட் கட்டவேண்டும். ஊரில் மாமா வீட்டுக்கு அது வேண்டும். ஐந்து கிலோ சிலிண்டர் எடுத்தோம். அதற்கு அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. தங்கச்சி ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. கேஸ் அவள் செலவு என்று ஆயிற்று. அதை அவள் வாரம் ஒருமுறை சொல்லிக்காட்டுகிறாள்.

ஆடி பிறந்தால் குடிபோகக் கூடாது. ஆனி முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அவசரத்தில் நாங்கள் பாத்திரம் வாங்க டவுனுக்குப் புறப்பட்ட நாள் நெல்லையப்பர் ஆனித் தேர். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, கடை தெருவில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று நினைத்த என் அறிவை என்ன சொல்ல. வண்ணார்பேட்டை தாண்டி, 1843இல் சுலோசன முதலியார் சொந்தக் காசைப் போட்டுக் கட்டிய ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. ஆச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இந்தத் தண்ணியா நம்ம கொழாயில வருது?" என்று கேட்டுக் கும்பிட்டாள். அப்புறம் கீழே பிளாஸ்டிக் மிதக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு கையை இறக்கிக்கொண்டாள். வாகையடி முக்கில் இறங்கி நடக்க முடியாமல் நெரிசலில் மாட்டினோம். பாத்திரக் கடை பாதி மூடியிருந்தது. தேர் பார்த்தோம், மோர் குடித்தோம், ஒரு அகப்பைகூட வாங்காமல் திரும்பினோம்.

கடைசியில் சாமான் எல்லாம் ஊரிலிருந்தே பஸ்ஸில் வந்தது. சருவம், குக்கர், சுளவு, வாரியல், ஓலைப்பெட்டி இரண்டு. கண்டக்டர் லக்கேஜ் போட்டார். ஆச்சி படுக்கப் பத்தமடைப் பாய் மட்டும் இங்கே வாங்கியது. கடையில் மெல்லிசான பட்டுப்பாயை விரித்துக் காட்டினார்கள், விலையைக் கேட்டதும் மறுபடி சுருட்டச் சொன்னோம். முரட்டுக் கோரைப் பாய்தான் அவளுக்கும் பிடித்தது.

பால் காய்ச்சினது ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. பொங்கி வழிந்தது. அன்று மத்தியானம் வைத்த பருப்பு வேகவே இல்லை. பன்னிரண்டு விசில். நான் கவனிக்காமல் போர்த் தண்ணீரில் வைத்துவிட்டேன். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் சாம்பாரிலிருந்து ஒரு பருப்பை எடுத்து என் தட்டில் 'டக்' என்று போட்டாள். அதற்குப் பிறகு நல்ல தண்ணிக்கு இரண்டு குடம், உப்புத் தண்ணிக்குச் சிவப்பு வாளி என்று பிரித்துவிட்டோம். தண்ணீர் வருகிற நாளில் நாலு வீட்டுக்கும் முதலில் எழுந்திருப்பது ஆச்சிதான். எல்லார் கதவையும் தட்டி எழுப்பி விடுவாள்.

ரேஷன் கார்டை மாற்றவில்லை. தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் வாங்கலாம். கைரேகை வைக்கும்போதுதான் சிக்கல். ஓலை கிழித்து, கருப்பட்டிப் பாகு கிண்டிக் கிண்டி ஆச்சிக்கு ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. பத்து விரலையும் வைத்துப் பார்த்து, கடைசியில் கண்ணைக் காட்டிச் சரியாகும்.

தங்கச்சி ஒருநாள் கல்லூரிக் கதை சொன்னாள். சாராள் தக்கர் என்கிற அந்த அம்மா இந்தியாவுக்கு வந்ததே இல்லையாம், இங்கிலாந்தில் இருந்தபடியே இங்குள்ள பெண்கள் படிக்கப் பணம் திரட்டி அனுப்பினாராம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சி, "வராமலே பேரு வாங்கிட்டா மவராசி. இங்க ஒருத்தி வந்து சோறு பொங்குதா, கேக்க நாதியில்ல" என்றாள். அன்று சாயங்காலமே தங்கச்சி அடுக்களைச் சுவரில் கரியால் ஆச்சி பேரை எழுதிவிட்டாள். டீச்சரம்மா பார்த்தால் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார் என்று மேலே காலண்டர் மாட்டியிருக்கிறோம்.

இப்போது மாசி. ஒப்பந்தம் வைகாசிக் கடைசியில் முடிகிறது. பங்குனி பிறந்தால் பதனிக்குப் பனையில் பாளை சீவத் தொடங்கிவிடுவார்கள், விடிலியில் அடுப்பு மூட்ட ஆள் வேண்டும் என்று ஆச்சி இப்போதே ஓலைப்பெட்டியில் சேலையை அடுக்குகிறாள். "பதனி முடியவும் வாரேம்ட்டி" என்கிறாள். இடையில் வருகிற நாலு மாதத்துக்கு டீச்சரம்மாவிடம் என்ன சொல்வது என்று நானும் தங்கச்சியும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சோப்புத்துண்டை மட்டும் அங்கணத்து மாடத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.