தப்பு என் கையிலதான்

நேத்து ஏற்காட்டுல இருந்து சைக்கிள்ல இறங்குறேன். 20 கொண்டை ஊசி வளைவுல பாதிகூட வரல, பின் பிரேக் தானா பிடிக்க ஆரம்பிச்சுடுச்சு. நிறுத்தி டிஸ்க் மேல ஒரு சொட்டு தண்ணி விட்டா, தோசைக்கல்லு மாதிரி சொய்ங்குது!

இது கேபிள் இழுக்குற ஹைட்ராலிக் பிரேக். லிவர்ல இருந்து காலிப்பர் (பேடை வச்சு டிஸ்க்கைக் கவ்வுற பாகம்) வரைக்கும் சாதா கேபிள்தான், ஆயில் காலிப்பருக்குள்ள மட்டும். லிவர் கொஞ்சம் லூசா இருக்கேன்னு போன வாரம் நான்தான் கேபிளை இறுக்கினேன். பழைய மெக்கானிக்கல் பிரேக் புத்தி.

இதுல கேபிள் இழுக்குற காலிப்பர் கை, லிவரை விட்டதும் முழுசா பின்னால வந்து உட்காரணும். அப்பதான் ஆயில் தொட்டிக்குப் போற துளை திறந்திருக்கும். துளி இழுத்து வச்சாலும் அது அடைச்சுக்கும். இறக்கத்துல ஆயில் சூடாகி விரியும், போக வழியில்லாம பேடைத் தள்ளி டிஸ்க்கோட ஒட்ட வச்சிடும். பேடு தேயத் தேய தானா சரிபண்ணிக்கிற வேலையும் நின்னுடும்.

வீட்டுக்கு வந்து கேபிள் இறுக்கத்தை மாத்துற அட்ஜஸ்டரை முழுசா உள்ள திருகி, கேபிளைக் கழட்டி, காலிப்பர் கையைப் பின்னால தள்ளி, தொய்வு மட்டும் போற அளவுக்கு மறுபடி கட்டினேன். அப்புறம் காலிப்பர் டிஸ்க்குக்கு நேரா உட்காரணும்னு அதோட போல்ட் ரெண்டையும் தளர்த்திட்டு, மச்சான் பையனை லிவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, மாத்தி மாத்தி முடுக்கினேன். "மாமா, கை வலிக்குது, விட்டுடவா?"ன்னு நாலு தடவை கேட்டுட்டான். பரோட்டா வாங்கித் தர்றதா ஒப்பந்தம்.

இப்ப சக்கரம் சத்தமில்லாம சுத்துது. ஞாயித்துக்கிழமை காலைல 5:30க்கு அடிவாரம். யாரு வர்றீங்க?