நன்கொடை ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி

தானம் செய்ய நினைப்பவர் தனியாக டிரஸ்ட் தொடங்கினால் பதிவு, ஆடிட்டர், ஆண்டுக் கணக்கு என்று பணம் கரையும். ஓர் ஊருக்கோ வட்டாரத்துக்கோ பொதுவாக இயங்கும் சமுதாய அறக்கட்டளை (community foundation) அந்த வேலைகளைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. பலர் தந்த பணம் ஒன்றாக முதலீடாகும். கணக்கு மட்டும் அவரவர் பெயரில் தனித்தனி.

ஆனால் அதன் உண்மையான பலம் வேறு. 1914ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் முதல் சமுதாய அறக்கட்டளையைத் தொடங்கிய ஃபிரெடரிக் காஃப் ஒரு வங்கியாளர். உயில் எழுதியவர் போய்விடுவார், அவர் போட்ட நிபந்தனை போகாது. அந்தச் சிக்கலுக்குத்தான் அவர் வழி தேடினார். நோக்கம் காலாவதியானால் நிர்வாகக் குழு பணத்தை அதற்கு நெருங்கிய இன்னொரு தேவைக்குத் திருப்பலாம் என்று விதியிலேயே எழுதிவைப்பது அப்படி வந்ததுதான்.

அதற்காக நோக்கத்தை ஏனோதானோவென்று எழுதக்கூடாது. 'போலியோ பாதித்த குழந்தைகளுக்குக் காலிப்பர்' (நடக்க உதவும் கால் தாங்கி) என்று எழுதிய நிதி, போலியோ ஒழிந்த ஊரில் முடங்கிக் கிடக்கும். 'நடக்கச் சிரமப்படும் குழந்தைகளின் சிகிச்சைக்கும் கருவிகளுக்கும்' என்றால் தலைமுறை தாண்டியும் ஓடும்.

நிரந்தர நிதியில் அசலைத் தொடமாட்டார்கள் என்பது பாதி உண்மைதான். பொதுவாக, அந்த வருட வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், நிதியின் கடந்த சில ஆண்டுகளின் சராசரி மதிப்பில் 4 முதல் 5 சதவீதம் வழங்குவார்கள். மூன்று ஆண்டு மதிப்புகள் 100, 120, 80 என்றால் சராசரி 100, 4.5 சதவீதம் என்றால் 4.5 கிடைக்கும். சராசரி பார்க்காமல் கடைசி ஆண்டின் 80ஐ மட்டும் எடுத்தால் 3.6தான். சந்தை சரிந்த வருடத்தில்தான் உதவி கேட்டு வருபவர்கள் அதிகம் என்பதால் இந்தச் சராசரி முக்கியம். நிர்வாகக் கட்டணம் 1 சதவீதம் என்றால், வருமானம் 5.5 சதவீதத்தோடு விலைவாசி ஏற்றத்தையும் ஈடுகட்டியாக வேண்டும். இல்லையென்றால் நிதி சத்தமில்லாமல் தேயும்.

மனக்கசப்பு பெரும்பாலும் வருவது 'என் பணம்' என்ற நினைப்பில். கொடுத்த பிறகு அது அறக்கட்டளையின் சொத்து. யாருக்குத் தரலாம் என்று நன்கொடையாளர் பரிந்துரைக்கலாம், உத்தரவு போட முடியாது. பெறும் அமைப்பின் பதிவு, தணிக்கைக் கணக்கு, அமைப்பின் பெயரிலேயே வங்கிக் கணக்கு மூன்றும் சரியாக இருந்தால்தான் பணம் போகும். தலைவரின் சொந்தக் கணக்கைக் கொடுத்தால் அங்கேயே நிற்கும்.

கையெழுத்துப் போடும் முன் கட்டணப் பட்டியலில் 'குறைந்தபட்சம்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சதவீதம் சின்னதாகத் தெரியும். சிறிய நிதியின் வருட வழங்கலை முழுசாக விழுங்குவது அந்தக் குறைந்தபட்சத் தொகைதான். அப்படியானால் தனி நிதி வேண்டாம். கல்வி, மருத்துவம் என்று ஏற்கெனவே இருக்கும் பொது நிதியில் சேர்த்துவிடுங்கள்.