குருத்தோலைத் தோரணமும் மன்றப் பதிவேடும்

திருகோணமலையில் கடலுக்கு அண்மையில் உள்ள ஒரு சிறிய உயர்கல்வி நிறுவனத்தில் நான் படித்தேன். வவுனியாவிலிருந்து சென்ற எனக்கு அந்நகரில் உறவினர் எவரும் இருக்கவில்லை. மாணவர் தொகை குறைவென்பதால் புதுமுக மாணவர் ஒருவர் சிரேஷ்ட மாணவர்களின் கண்ணில் படாமல் ஒரு பொழுதைக்கூடக் கழிக்க இயலாது. புதியவர்கள் அங்கே இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டியிருந்தது: விடுதியில் இரவு வேளையில் நடக்கும் ‘அறிமுகம்’ ஒன்று, தமிழ் மன்றத்தின் சேர்க்கை மற்றையது. இவ்வாண்டு புதிதாகச் செல்லவிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இரண்டையும் பற்றி எழுதுகிறேன்.

விடுதி அறிமுகத்தில் பெயர், ஊர், பாடசாலை, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி ஆகியவற்றைத் தலைகுனிந்து நின்று ஒப்புவிக்க வேண்டும். ஒரு சொல் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் அறைத் தோழர் ஒருவர் உறக்கமின்றி விரிவுரைகளுக்கு வந்து, ஈற்றில் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டார். 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் (ராகிங்) உயிரிழந்த பின்னர் இயற்றப்பட்ட 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பகிடிவதை செய்பவருக்கு 2 ஆண்டுகள் வரை கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கலாம். அச்சட்டத்தைப் பற்றி எங்களுக்கு முதல் வாரத்தில் எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

மன்றத்தின் சேர்க்கை வேறு வகையானது. முதலில் சீட்டுக் குலுக்கி எடுத்த தலைப்பில் முன்னாயத்தமின்றிப் பேச வேண்டும். எனக்குக் கன்னியா வெந்நீரூற்று வந்தது. நான் அதுவரை அங்கு போனதில்லை என்பதை அறிந்த கிண்ணியாவைச் சேர்ந்த சக மாணவர், அங்கே ஏழு கிணறுகள் இருப்பதையும் ஒவ்வொன்றிலும் நீரின் சூடு வேறுபடுவதையும் அவசரமாகக் காதில் சொன்னார். அதை வைத்துக்கொண்டே பேசி முடித்தேன். சபையில் எவரும் ஏளனம் செய்யவில்லை. பேச்சு முடிந்ததும் ஓர் அக்கா என் உச்சரிப்பில் இருந்த இரண்டு பிழைகளைத் தனியே அழைத்துத் திருத்தினார்.

அடுத்தது முத்தமிழ் விழாவுக்கு முந்திய இரவு. தோரணம் கட்டுவது புதுமுக மாணவர்களின் பொறுப்பு. ஆனால் சிரேஷ்ட மாணவர்களும் எங்களோடு தரையில் அமர்ந்து கட்ட வேண்டும் என்பது மன்றத்தின் பழைய வழக்கம். இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். குருத்தோலையை நகத்தால் கிழித்து, மடித்து, தோரணத்தில் தொங்கும் குருவி வடிவத்தைப் பின்னும்போது ஈர்க்கு விரலைக் குத்தும். நான் கட்டிய முதல் தோரணத்தைத் தூக்கிப் பார்த்த மன்றத் தலைவர், “தம்பி, குருவி கீழ பார்த்தா அது செத்த வீட்டுத் தோரணம். தலை மேல நிக்க வேணும்” என்று சொல்லி, தானே ஓர் ஓலையை எடுத்து மெதுவாக மடித்துக் காட்டினார். விடுதியில் பார்த்தால் நாங்கள் ஒதுங்கி நடக்கும் அதே அண்ணா அவர். தேநீர் வந்தபோது முதல் கோப்பை எங்களுக்கே தரப்பட்டது. விழா முடிந்ததும் பெயர்களை மன்றப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டோம். சேர்க்கை என்பது அவ்வளவுதான்.

மறு ஆண்டு பொதுக்கூட்டத்தில், விடுதி அறிமுகத்தில் ஈடுபடுபவர் எவரும் மன்றத்தில் பதவி வகிக்கக் கூடாது என்ற பிரேரணையை எங்கள் அணியினர் கொண்டுவந்தோம். “நாங்கள் பட்டதை அவர்களும் படத்தானே வேண்டும்” என்று சிலர் வாதிட்டனர். பட்டவர்களே அதை நிறுத்தாவிட்டால் வேறு யார் நிறுத்துவார் என்று எங்கள் தரப்பில் கேட்டோம். நீண்ட விவாதத்தின் பின் பிரேரணை நிறைவேறியது. பதவியை விரும்பிய பலர் அந்த இரவுகளிலிருந்து விலகிக்கொண்டனர்.

ஆனாலும் அறிமுகம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. இரவில் உங்களை அழைத்தால், அறைத் தோழர்கள் அனைவரும் சேர்ந்து, திகதி, நேரம், இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு மறுநாளே மாணவர் ஆலோசகரிடம் எழுத்தில் முறையிடுங்கள். பிரதி ஒன்றை உங்களிடம் வைத்திருங்கள். மன்றத்தின் அறிவித்தல் பலகையில் பேச்சுக்கான அழைப்பு வந்தால், தயங்காமல் பெயரைக் கொடுங்கள்.