ஐம்பதிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு

"அப்பா இல்லண்ணே" என்று அந்தப் பையன் சொன்னபோது என் பட்டறையில் இன்ஜின் துளைகளைக் கடையும் போரிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு சொற்களுக்கு முன்னால் "ஊர்ல" என்று இன்னொரு சொல்லும் இருந்ததா, இருந்து அது மிஷின் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போனதா என்ற சந்தேகம் ஒரு வருடத்துக்கும் மேலாக என்னை விடவில்லை. நான் கேட்டிருந்தது, "அப்பா வண்டின்னா அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டியாடா?" என்பது. அவன் சொன்ன பதிலுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றுதான். மேற்கொண்டு கேட்பது முறையாகாது என்று நினைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, சாக்கில் இருந்ததை வெளியே எடுக்கச் சொன்னேன்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்த சாக்கு அது. உள்ளே யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் கிராங்க் கேஸ், அதாவது இன்ஜினின் அடிக்கூடு, இரண்டு பாதியாகவும், அதன்மேல் உட்கார எங்கோ வாங்கிய ஒரு ஆர்எக்ஸ் 135-இன் சிலிண்டர் பிளாக்கும், பழைய பிஸ்டனும் இருந்தன. நூறின் பிளாக்கை அவன் ஏற்கெனவே விற்றிருந்தான்.

வழக்கமாக நான் யாரிடமும் இப்படி விசாரிப்பதில்லை. ஓவர்சைஸ் போடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பிஸ்டன் ஓடித் தேய்ந்த துளையைக் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று கடைந்து அடுத்த அளவு பிஸ்டனை இறக்குகிறோம். கடைசி அளவான ஒரு மில்லிவரை போனாலும் துளை 51, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 50 என்று கணக்குப் போட்டால் 102 சி.சி.தான் வரும். அதற்குப் பிறகும் துளைக்குள் புது உறையை, அதாவது ஸ்லீவை, அடித்து ஸ்டாண்டர்டுக்குத் திரும்பிவிடலாம். 135 பிளாக் ஏற்றுவது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றுதான், 50 மில்லி. துளை மட்டும் 50-இலிருந்து 58 ஆகிறது. அந்த எட்டு மில்லியில் 98 சி.சி. 132 ஆகிவிடுகிறது. ஆனால் 58 துளைக்கான ஸ்லீவின் அடிப்பாகம் நூறின் கேஸ் வாய்க்குள் இறங்காது. கேஸ் வாயையே கடைய வேண்டும். இன்ஜின் நம்பர் அடித்திருப்பது அந்தக் கேஸில்தான் என்பதால், பின்னால் மனம் மாறி வேறு கேஸ் வாங்கிப் போட்டால் ஆர்.சி. புத்தகத்தோடு நம்பர் ஒத்துப்போகாது. இதனால்தான் கேட்டேன். கேட்டேன் என்பதைப் பல நாள் எனக்கு நானே சான்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுப் பதிலைச் சரியாகக் காதில் வாங்காதவனுக்கு அந்தச் சான்று எவ்வளவு உதவும் என்பது வேறு விஷயம்.

வேலையைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பாதியையும் போல்ட் போட்டு ஒன்றாக்கி, டயல் கேஜ் வைத்து மையம் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. அலுமினியம் டூல் முனையில் அப்பிக்கொள்ளும் என்பதால் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வெட்டினேன். வெள்ளிச் சுருளாக அது உதிர்வதைப் பையன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிளாக்குக்கும் கேஸுக்கும் நடுவே கேஸ்கெட் உட்காரும் விளிம்பு எவ்வளவு மிஞ்சும் என்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது; அது மெலிந்தால் அங்கே காற்று இழுத்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடித்துவிடும். விளிம்பு போதுமான அகலத்தோடு நின்றது. அந்த மாதம் வேலை குறைவு என்பதும், இத்தகைய வேலை கைக்கு வந்தால் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு என்பதும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதற்குக் காரணமாக இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளந்து விடும் மெயின் ஜெட்டைப் பெரிய அளவாகப் போடச் சொன்னேன். பிஸ்டனின் தலைப்பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுவதால் கனெக்டிங் ராடும் அதன் பேரிங்கும் அந்த அளவுக்குக் கூடுதலாக அடி வாங்கும் என்றும், பிரேக் அதே பழைய டிரம்தான் என்றும் சொன்னேன். சி.சி. சுமார் 35 சதவீதம் கூடியதால் பவரும் 35 சதவீதம் கூடிவிடாது என்பதையும் விளக்கினேன். கம்பெனியே நூறுக்கு 11 குதிரைத்திறன் என்றும், ஐந்து கியர் 135-க்கு 14 என்றும்தான் கொடுத்தது. ஆனால் கீழ் வேகத்தில் இழுவை நன்றாகவே தெரியும். அவனுக்கு வேண்டியதும் அதுதான்; ஆண்டிப்பட்டிக் கணவாயில் ஆள் ஏற்றிக்கொண்டு கியர் குறைக்காமல் ஏற வேண்டும் என்றான். இத்தனையையும் பொறுமையாக எடுத்துச் சொன்ன எனக்கு, "எப்போ தவறிட்டாரு?" என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அவன் பதறிப்போய், "ஐயோ, வெளிநாட்டுல இருக்காருண்ணே" என்று சொல்லியிருப்பான். சொல்லியிருப்பானா?

ஏழெட்டு மாதம் கழித்து அவனுடைய அப்பா அந்த வண்டியிலேயே வந்தார். ஊருக்குத் திரும்பி நான்கு நாள் ஆகிறது என்றார். கிக்கரை மிதித்தவுடனேயே காலுக்குத் தெரிந்துவிட்டதாம். 1991-இல் வாங்கிய வண்டி என்றார். பட்டறைக்குள் வராமல், வண்டியைவிட்டு இறங்காமல், காலை ஊன்றி நின்றபடியே கேட்டார்: "இதைத் திரும்ப நூறா ஆக்க முடியுமா தம்பி?"

வாய்க்குள் அலுமினிய வளையம் இறுக்கி மறுபடி கடையலாம், கேஸில் கலவை போகும் வழிகளைப் பற்றவைத்துத் திருத்தலாம், நல்ல 50 துளை பிளாக் ஒன்று தேடிப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். சொல்லும்போதே அது வண்டியைச் சரிசெய்வதற்கான பேச்சாக எனக்கே ஒலிக்கவில்லை. அவர், "வேண்டாம், இருக்கட்டும்" என்றார். பிறகு, "பய என்ன சொல்லிக் கேட்டான்?" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலண்ணே" என்றேன்.

அது பொய். பையனைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று அன்று மாலை நினைத்துக்கொண்டேன். எதிரே உயிரோடு நிற்கும் மனிதரிடம், "நீங்கள் இல்லை என்று சொன்னான்" என்று எப்படிச் சொல்வது? ஆனால் நடந்ததை அப்படியே சொல்லியிருந்தால், "ஆமா, ஊர்ல இல்லன்னுதான் சொல்லியிருப்பான்" என்று அவர் சிரித்திருக்கவும் கூடும். அப்போது தப்பாகப் புரிந்துகொண்டவன் நான் ஒருவனாகவே மிஞ்சியிருப்பேன். கேட்காதவன் என்ற பெயர், தப்பாகக் கேட்டவன் என்ற பெயரைவிட எனக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும். அவர் வண்டியைத் திருப்பியபோது, "இழுவை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவனுடைய பழைய பிஸ்டன் என் மேஜையில் பில் தாள்களின்மேல் பாரமாக இருந்தது. எடுத்துக் கொடுக்க அப்போது தோன்றவில்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 98 என்று பதிந்த வண்டியில் 132 ஓடுவது அதற்குள்தான் வரும். இதை நான் அதற்கு முன்பும் அறிவேன். ஆனால் சாக்கில் வரும் இரும்புக்கு எந்தப் பட்டறையும் ஆர்.சி. கேட்பதில்லை. இப்போது நான் கேட்கிறேன். சட்டத்துக்காகக் கேட்பதாகச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அதில் பார்ப்பது சி.சி.யை அல்ல, பெயரைத்தான்.

போன மாதம் ஒரு பையன் இன்னொரு நூறின் கேஸோடு வந்து, ஆர்.சி.யை போனில் காட்டினான். அதில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. மிஷினை நிறுத்திவிட்டு, "அம்மாவாடா?" என்று கேட்டேன். "ஆமாண்ணே" என்றான். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேஸை வாங்கி உள்ளே வைத்தேன்.